இதய பம்பு பொருத்தப்பட்டவர்களில் சிக்கல்களைக் கண்டறிதல்: ஒரு வரலாறு

இதயச் செயலிழப்பு முற்றிய நோயாளிகளுக்கு, இதயத்தின் இடது கீழறையிலிருந்து இரத்தத்தை உறிஞ்சிப் பெருந்தமனிக்குள் செலுத்தும் இயந்திர பம்பு பொருத்தப்படுகிறது. இது இடது கீழறை உதவிக் கருவி எனப்படும். மாற்று இதயம் கிடைக்கும்வரை நோயாளியை உயிருடன் வைத்திருக்க உருவான இக்கருவி, பின்னர் மாற்று இதயம் பெற இயலாதவர்களுக்கு நிரந்தரச் சிகிச்சையாகவும் ஆனது. இப்போது பயன்பாட்டில் உள்ள வகையில் இரத்தம் துடிப்பின்றித் தொடர்ச்சியாக ஓடுகிறது. அதனால் நோயாளிகள் பலருக்கு மணிக்கட்டில் நாடி தென்படுவதில்லை.

சித்த மருத்துவம், பண்டைய கிரேக்க மருத்துவம் உட்படப் பல மருத்துவ மரபுகள் நாடியை நோயறிதலின் அடிப்படையாகக் கொண்டவை. நாடி மறைந்தபோது இரத்த அழுத்தமானியும் விரல்நுனி ஆக்சிஜன் அளவியும் நம்பத்தகாதவை ஆயின. உயிர் இருக்கிறதா என்று அறியும் முறையையே மருத்துவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இக்கட்டுரை 1960கள் முதல் இன்றுவரை இந்நோயாளிகளின் சிக்கல்கள் எவ்வாறு அறியப்பட்டன என்பதை விவரிக்கிறது.

தொடக்ககாலக் கருவிகள்

1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தைப் பயன்படுத்தி வெற்றிகரமாக அறுவைச் சிகிச்சை செய்தார். சில மணி நேரம் இதயத்தின் வேலையை இயந்திரம் செய்ய முடியும் என்பது இதனால் உறுதியானது. நாட்கணக்கில் செய்ய முடியுமா என்பது அடுத்த கேள்வியாக எழுந்தது.

1963ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகரில் டொமிங்கோ லியோட்டாவும் ஸ்டான்லி கிராஃபோர்டும் இடது கீழறைக்கு உதவும் பம்பை முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினர். பம்பு நான்கு நாட்கள் இயங்கியும் நோயாளி பிழைக்கவில்லை. 1966ஆம் ஆண்டு அதே நகரில் மைக்கேல் டிபேக்கி உடலுக்கு வெளியே வைக்கப்பட்ட பம்பினால் ஒரு பெண் நோயாளிக்குப் பத்து நாட்கள் உதவியளித்தார். அவர் குணமடைந்து வீடு திரும்பினார்.

1982 டிசம்பர் 2 அன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிவ்ரீஸ், பார்னி கிளார்க் என்ற பல் மருத்துவருக்கு ஜார்விக்-7 என்னும் முழுச் செயற்கை இதயத்தைப் பொருத்தினார். கிளார்க் 112 நாட்கள் வாழ்ந்தார். அந்நாட்களில் அவருக்கு வலிப்பு, குருதிக்கசிவு, செயற்கை வால்வின் உடைவு ஆகியவை ஏற்பட்டன. அவருக்குப் பின் இக்கருவி பொருத்தப்பட்டவர்களிடம் பக்கவாதமும் காணப்பட்டது. இதயத்தின் வேலையை இயந்திரம் ஏற்றாலும், இரத்தமும் அந்நியப் பொருளும் தொடும் இடத்தில் புதிய நோய்கள் பிறக்கின்றன என்பதை இந்த அனுபவம் காட்டியது.

துடிக்கும் பம்புகளும் ரீமேட்ச் ஆய்வும்

முதல் தலைமுறை இடது கீழறைக் கருவிகள் இதயத்தைப் போலவே நிரம்பி, பின் தள்ளும் வகையைச் சேர்ந்தவை. 1984இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நோவாகோர் கருவி ஒரு நோயாளியை மாற்று இதய அறுவைச் சிகிச்சைவரை காப்பாற்றியது. 1994இல் ஹார்ட்மேட் கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது.

இவ்வகைக் கருவி பொருத்தப்பட்டவருக்கு நாடி இருந்தது. இரத்த அழுத்தத்தை வழக்கம்போல் அளக்க முடிந்தது. சிக்கலை அறியும் வழிகளும் ஓரளவு பழையவையே. எடுத்துக்காட்டாக, பம்பின் நுழைவாயில் வால்வு பழுதுபட்டால், தள்ளிய இரத்தத்தில் ஒரு பகுதி திரும்பி வரும். பம்பு விரைவாக நிரம்பி அடிக்கடி துடிக்கும். ஓட்டம் மிகுதி எனக் கருவி காட்டும்போதே நோயாளி மூச்சுத்திணறலுடன் இருப்பார். இந்த முரண்பாடே நோயறிகுறியாகக் கொள்ளப்பட்டது.

இக்கருவிகளை நிரந்தரச் சிகிச்சையாகப் பயன்படுத்தலாமா என்பதை 129 நோயாளிகளிடம் ரீமேட்ச் ஆய்வு சோதித்தது. 2001இல் வெளியான முடிவுகளின்படி, ஓராண்டின் இறுதியில் பம்பு பெற்றவர்களில் 52 விழுக்காட்டினரும் மருந்து மட்டும் பெற்றவர்களில் 25 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். இரண்டாண்டின் இறுதியில் இவ்விகிதம் 23, 8 எனக் குறைந்தது. பம்பு பெற்றவர்களுக்குக் கடுமையான பாதகங்கள் 2.35 மடங்கு அதிகமாக ஏற்பட்டன. நோய்த்தொற்று, குருதிக்கசிவு, கருவிப் பழுது ஆகியவை அவற்றில் முதன்மையானவை. கருவி உயிரைக் காக்கிறது, ஆனால் அதன் சிக்கல்களை முன்னரே கண்டறியாவிட்டால் அந்தப் பயன் நிலைக்காது என்பது இதனால் தெளிவானது.

தொடர் ஓட்ட பம்புகள்: நாடி மறைதல்

துடிக்கும் பம்புகள் பெரியவை, தேய்மானமும் அதிகம். இதற்கு மாற்றாகச் சுழலும் திருகு ஒன்றால் இரத்தத்தைத் தள்ளலாம் என ரிச்சர்ட் வாம்ப்ளர் கருதினார். எகிப்தில் ஆர்க்கிமிடிசின் திருகு கொண்டு நீர் இறைப்பதைக் கண்டு அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாகக் கூறப்படுகிறது. இவ்வளவு வேகத்தில் சுழலும் திருகு சிவப்பணுக்களை அரைத்துவிடும் என்ற அச்சம் நிலவியது. 1988இல் டெக்சஸ் இதய நிறுவனத்தில் அவருடைய ஹீமோபம்பு முதன்முறையாக நோயாளியிடம் பயன்படுத்தப்பட்டபோது அந்த அச்சம் பெருமளவு நீங்கியது.

1998இல் டிபேக்கி பம்பும், 2000இல் ஜார்விக் 2000, ஹார்ட்மேட் 2 ஆகியவையும் மனிதர்களுக்குப் பொருத்தப்பட்டன. 2009இல் வெளியான ஆய்வில், பழைய துடிக்கும் பம்பைப் பெற்றவர்களில் 24 விழுக்காட்டினரும் ஹார்ட்மேட் 2 பெற்றவர்களில் 58 விழுக்காட்டினரும் இரண்டாண்டுகள் உயிருடன் இருந்தனர். சில ஆண்டுகளிலேயே துடிக்கும் கருவிகள் வழக்கொழிந்தன.

1905இல் நிக்கோலாய் கொரொட்கோவ் விவரித்த இரத்த அழுத்த அளவீடு, கைப்பட்டையைத் தளர்த்தும்போது ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் துடிப்பொலியைச் சார்ந்தது. துடிப்பு இல்லையெனில் ஒலியும் இல்லை. தானியங்கி அழுத்தமானிகளும் அடிக்கடி பிழை காட்டின. விரல்நுனி ஆக்சிஜன் அளவியும் தமனித் துடிப்பைக் கொண்டே கணக்கிடுவதால் அதுவும் பல நேரங்களில் பயன்படவில்லை.

இதற்குத் தீர்வாக, கையின் தமனிமேல் டாப்ளர் மீயொலி முனையை வைத்து, பட்டையைத் தளர்த்தும்போது இரத்த ஓட்ட ஒலி மீண்டும் கேட்கும் அளவைக் குறிக்கும் முறை வழக்கத்துக்கு வந்தது. இது மேல், கீழ் என இரண்டு எண்கள் தராமல் ஒரே எண்ணையே தருகிறது. நாடி அறவே இல்லாதவரிடம் அந்த எண் சராசரி அழுத்தத்தை ஒட்டியிருக்கும். ஓரளவு நாடி உள்ளவரிடம் அது மேல் அழுத்தத்தை நோக்கி நகரும். ஆகவே ஒரே எண்ணை நோயாளிக்கேற்ப வேறுவேறாகப் பொருள்கொள்ள வேண்டும்.

அழுத்தம் மிகுந்தால் பம்பு தள்ளும் இரத்தம் குறைவதோடு, மூளையில் குருதிக்கசிவு ஏற்படும் வாய்ப்பும் கூடுகிறது. ஹார்ட்வேர் நிறுவனத்தின் எச்.வி.ஏ.டி. பம்பைச் சோதித்த ஆய்வு 2017இல் வெளியானது. அதில் அப்பம்பு பெற்றவர்களில் 29.7 விழுக்காட்டினருக்கும், ஒப்பீட்டுக் குழுவில் 12.1 விழுக்காட்டினருக்கும் பக்கவாதம் ஏற்பட்டிருந்தது. உயர் இரத்த அழுத்தம் இதற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கண்டறியப்பட்டது. எனவே டாப்ளர் அளவீட்டை நோயாளிகள் வீட்டிலும் தொடர்ந்து எடுப்பது முதன்மை பெற்றது.

குடல் குருதிக்கசிவு என்னும் புதிர்

தொடர் ஓட்ட பம்புகள் பெருகியபோது, நோயாளிகள் இரத்தசோகையுடனும் கறுத்த மலத்துடனும் மருத்துவமனைக்குத் திரும்பினர். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின் மருந்துகள் கொடுக்கப்பட்டதே காரணம் எனத் தொடக்கத்தில் கருதப்பட்டது. ஆனால் மருந்தின் அளவு சரியாக இருந்தவர்களுக்கும் கசிவு ஏற்பட்டது. 2009இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், 100 நோயாளி-ஆண்டுகளுக்குத் துடிக்கும் பம்புகளில் 6.8 முறையும் தொடர் ஓட்ட பம்புகளில் 63 முறையும் இரைப்பை-குடல் கசிவு பதிவாகியிருந்தது.

இதற்கான துப்பு அரை நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது. 1958இல் எட்வர்டு ஹைடு என்ற மருத்துவர், பெருந்தமனி வால்வு சுருங்கிய முதியவர்களுக்குக் காரணம் தெரியாத குடல் கசிவு ஏற்படுவதை ஒரு சிறு கடிதமாக வெளியிட்டிருந்தார். குறுகிய வால்வு வழியே இரத்தம் சீறிப் பாயும்போது, வான் வில்லிபிராண்ட் காரணி என்னும் நீண்ட புரதம் இழுபட்டு விரிகிறது. அப்போது ஒரு நொதி அதை எளிதில் வெட்டிவிடுகிறது. இரத்தத் தட்டுகளைக் காயத்தில் ஒட்டவைக்கும் புரதம் இதுவே என்பதால், அது துண்டுபட்டால் கசிவு நிற்பதில்லை.

சுழலும் பம்பிலும் இதே நிகழ்வு நடப்பதை 2008ஆம் ஆண்டு முதல் வெளியான ஆய்வுகள் உறுதிப்படுத்தின. இப்புரதத்தின் நீண்ட வடிவங்கள் பம்பு பொருத்தப்பட்ட ஏறத்தாழ அனைவரிடமும் குறைந்திருந்தன. அதனால் இக்குறைபாட்டைக் காட்டும் ஆய்வகச் சோதனை, யாருக்குக் கசியும் என்பதைப் பிரித்துக் காட்டவில்லை. கசியும் இடத்தைத் தேட உணவுக்குழாய், பெருங்குடல் உள்நோக்கிகளும், சிறுகுடலுக்கு விழுங்கும் கேப்சூல் உள்நோக்கியும் தேவைப்பட்டன. பலரிடம் குடற்சுவரில் புடைத்த நுண்ணிய இரத்தக்குழாய் முடிச்சுகள் காணப்பட்டன.

பம்புக்குள் உறைகட்டி

2011ஆம் ஆண்டுவாக்கில் சில மருத்துவமனைகளில் ஹார்ட்மேட் 2 பம்புகளுக்குள் இரத்தம் உறைவது வழக்கத்தை மீறி அதிகரித்தது. அமெரிக்காவின் மூன்று மருத்துவ மையங்கள் தம் பதிவுகளை ஒன்றுசேர்த்தன. 837 நோயாளிகளின் 895 கருவிகளை ஆராய்ந்த அவ்வறிக்கை 2014 சனவரியில் வெளியானது. பொருத்திய மூன்று மாதங்களுக்குள் உறைகட்டி உறுதியான விகிதம், 2011 மார்ச்சுக்கு முன்பிருந்த 2.2 விழுக்காட்டிலிருந்து 2013 தொடக்கத்தில் 8.4 விழுக்காடாக உயர்ந்திருந்தது. பம்பை மாற்றாமலும் மாற்று இதயம் பெறாமலும் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆறு மாதங்களுக்குள் இறந்தனர்.

அதே அறிக்கை நோயறிதலுக்கு ஒரு வழியையும் காட்டியது. உறைகட்டியால் குறுகிய பாதையில் சிவப்பணுக்கள் நசுங்கிச் சிதைகின்றன. அவற்றிலிருந்து லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி இரத்தத்தில் கலக்கிறது. உறைகட்டி உறுதியாவதற்கு முந்தைய ஆறு வாரங்களில் இந்நொதியின் அளவு லிட்டருக்கு 540 அலகிலிருந்து 1,490 அலகுக்கு உயர்ந்திருந்தது. எளிய, மலிவான ஓர் இரத்தப் பரிசோதனை ஆபத்தை வாரங்களுக்கு முன்பே அறிவிக்கும் என்பது இதனால் தெரியவந்தது. இயல்பின் மேல் வரம்பைப் போல் 2.5 மடங்குக்கு மேற்பட்ட அளவு, சிவப்பணுச் சிதைவின் அடையாளங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. தேநீர் நிறத்தில் சிறுநீர் கழிவதும் கவனிக்க வேண்டிய அறிகுறியாக நோயாளிகளுக்குக் கற்பிக்கப்பட்டது.

மற்றொரு வழி 2012இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழுவிடமிருந்து வந்தது. அவர்கள் பம்பின் வேகத்தை நிமிடத்துக்கு 8,000 சுழற்சியில் தொடங்கி 400 சுழற்சியாகப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் எக்கோ மூலம் இடது கீழறையின் விட்டத்தை அளந்தனர். நன்கு இயங்கும் பம்பில் வேகம் கூடக் கூடக் கீழறை சுருங்கும். உறைகட்டி இருந்தால் வேகம் கூடியும் கீழறை சுருங்காது. இச்சோதனை ‘ரேம்ப்’ சோதனை எனப் பெயர்பெற்றது.

காரணங்களைத் தேடியபோது பம்பு பொருத்தும் கோணம், குறைந்த சுழற்சி வேகம், போதாத உறைவுத்தடுப்பு ஆகியவை சுட்டப்பட்டன. இவற்றைத் திருத்திய நெறிமுறையை 300 நோயாளிகளிடம் பின்பற்றிய ஆய்வில், மூன்று மாதங்களுக்குள் உறைகட்டி ஏற்பட்ட விகிதம் 2.9 விழுக்காடாக இருந்தது.

கருவி காட்டும் எண்களை வாசித்தல்

நாடியை இழந்த மருத்துவர்களுக்குக் கருவியின் திரை புதிய தகவல்களைத் தந்தது. ஹார்ட்மேட் கருவியில் சுழற்சி வேகம், மின்திறன், ஓட்டம், துடிப்புக் குறியீடு ஆகிய நான்கு எண்கள் தெரியும். இவற்றில் ஓட்டம் நேரடியாக அளக்கப்படுவதில்லை, வேகத்தையும் மின்திறனையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. இதை அறியாமல் வாசித்தால் தவறு நேரும். சுழலியின்மேல் கட்டி படிந்தால் அதைச் சுழற்ற அதிக மின்திறன் தேவைப்படும். கருவியோ அதை ஓட்ட மிகுதி என்று கணக்கிட்டுக் காட்டும். உண்மையில் நோயாளிக்குக் கிடைக்கும் இரத்தம் குறைந்திருக்கும். மாறாக, வெளியேறும் குழாய் அடைபட்டால் மின்திறனும் ஓட்டமும் சேர்ந்து குறையும்.

ஓட்டம் குறைவு என்று எச்சரிக்கை ஒலிக்கும்போது காரணம் பலவாக இருக்கலாம். அவற்றைப் பிரிக்க எக்கோ உதவுகிறது. இரு கீழறைகளும் சிறுத்திருந்தால் நீரிழப்போ குருதிக்கசிவோ இருக்கலாம். இடது கீழறை சிறுத்து வலது கீழறை வீங்கியிருந்தால் வலப்பக்க இதயம் செயலிழந்திருக்கலாம். இடது கீழறை விரிந்திருந்தால் குழாய் அடைப்பு அல்லது உயர் இரத்த அழுத்தம் ஐயுறப்படும். பெருந்தமனி வால்வு கசிந்தால், பம்பு தள்ளிய இரத்தம் இதயத்துக்குத் திரும்பி மீண்டும் பம்புக்குள்ளேயே சுற்றும். அப்போது திரையில் ஓட்டம் நன்றாகத் தெரிந்தும் நோயாளி சோர்ந்திருப்பார்.

சில நேரங்களில் இதயத் துடிப்பு முற்றிலும் சீர்குலைந்த கீழறை நடுக்கத்தின்போதும், பம்பு ஓரளவு ஓட்டத்தைத் தருவதால் நோயாளி சுயநினைவுடன் பேசிக்கொண்டிருப்பார். பம்பு இல்லாத ஒருவரை நிமிடங்களில் கொல்லக்கூடிய இந்நிலை, இவர்களிடம் இ.சி.ஜி. எடுத்தால்தான் தெரியவரும்.

நோய்த்தொற்று

பம்புக்கு மின்சாரம் தரும் கம்பிவடம் வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வருகிறது. அத்துளை வழியே கிருமிகள் நுழைகின்றன. ஒவ்வொரு மருத்துவமனையும் தொற்றை வெவ்வேறு விதமாக வரையறுத்ததால் ஒப்பீடு கடினமாக இருந்தது. 2011இல் பன்னாட்டு இதய, நுரையீரல் மாற்றுச் சங்கம் பொது வரையறைகளை வெளியிட்டது. கம்பிவடத்தின் மேற்பரப்புத் தொற்று, ஆழ்ந்த தொற்று, பம்பின் தொற்று என்று பிரித்தறிய அது வழிசெய்தது.

ஆழத்தை அறிவதே கடினமானது. உலோகக் கருவி இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது. சி.டி. படங்களில் உலோகத்தின் நிழல் பம்பைச் சூழ்ந்த பகுதியை மறைக்கும். இதனால் தொற்றுள்ள இடத்தில் கூடும் சர்க்கரை உட்கொள்ளலைக் காட்டும் பெட்-சி.டி. படம் பயன்பாட்டுக்கு வந்தது.

அவசர நிலையில் உயிர் அறிதல்

மயங்கி விழுந்த ஒருவரிடம் நாடி இல்லையெனில் மார்பை அழுத்தத் தொடங்குவதே முதலுதவியின் விதி. இந்நோயாளிகளிடம் அவ்விதி பொருந்தாது. அழுத்தினால் பம்பு இடம்பெயரலாம் என்ற அச்சமும், அழுத்தாவிட்டால் இறக்கலாம் என்ற அச்சமும் ஒருசேர இருந்தன. அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு ஒரு வரிசையைத் தந்தது. முதலில் தோலின் நிறமும், அழுத்திவிட்ட விரல்நுனியில் நிறம் திரும்பும் வேகமும் பார்க்கப்படும். பின்னர் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பம்பின் ரீங்காரம் கேட்கப்படும். சராசரி அழுத்தம் 50 மி.மீ. பாதரசத்துக்கு மேல் இருந்தாலோ, செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்தியவரின் மூச்சில் கரியமில வாயு 20 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ மார்பை அழுத்தத் தேவையில்லை. பம்பு நின்று, மீண்டும் இயக்க இயலாமல், இரத்த ஓட்டமும் போதாதிருந்தால் அழுத்தத் தொடங்க வேண்டும்.

அண்மைக்காலம்

சுழலியைக் காந்தப்புலத்தில் மிதக்கவிடும் ஹார்ட்மேட் 3 பம்பு 2014இல் ஜெர்மனியில் முதன்முறையாகப் பொருத்தப்பட்டது. இதன் இரத்தப் பாதைகள் அகலமானவை. தேங்கலைத் தவிர்க்கச் சுழற்சி வேகம் இடைவிட்டு மாறுகிறது. 1,028 நோயாளிகள் பங்கேற்ற மொமென்டம் 3 ஆய்வின் இறுதி முடிவு 2019இல் வெளியானது. பம்பை மாற்ற நேர்ந்தவர்கள் ஹார்ட்மேட் 2 குழுவில் 11.3 விழுக்காடு, புதிய பம்பில் 2.3 விழுக்காடு. உறைகட்டி அரிதானதால் இரத்தத்தை நீர்க்கவைக்கும் மருந்துகளைக் குறைக்கவும் முடிந்தது. ஆஸ்பிரினை நிறுத்தினால் உறைகட்டி கூடாமல் குருதிக்கசிவு குறைகிறது என 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

இதற்கிடையே 2021 சூனில் எச்.வி.ஏ.டி. பம்பின் விற்பனையை மெட்ரானிக் நிறுவனம் நிறுத்தியது. நரம்பியல் பாதிப்புகள் மிகுதியாக இருந்ததும், நின்ற பம்பு மீண்டும் இயங்கத் தாமதமானதும் அல்லது இயங்காமற்போனதும் காரணங்களாகும். ஏற்கெனவே பொருத்தப்பட்டவர்கள் அதே பம்புடன் தொடர் கண்காணிப்பில் வாழ நேர்ந்தது.

ஹார்ட்மேட் 3 பம்பும் சிக்கலற்றது அன்று. வெளியேறும் குழாய்க்கும் அதைச் சுற்றிய உறைக்கும் இடையே உடற்பொருள் மெல்லத் திரண்டு, குழாயை வெளியிலிருந்து நசுக்குவது கண்டறியப்பட்டது. இது குறித்து 2024இல் அமெரிக்க அரசு நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது. இவ்வடைப்பில் கட்டி பம்புக்குள் இல்லாததால் சிவப்பணுக்கள் சிதையாமலும் இருக்கலாம். பொருத்திப் பல ஆண்டுகளுக்குப் பின், ஓட்டம் படிப்படியாகக் குறைவதே பெரும்பாலும் முதல் அறிகுறி. சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. படமே அடைப்பை உறுதிசெய்கிறது. ஹார்ட்மேட் 2 காலத்தில் கற்ற இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பியிருந்தால் இது தவறவிடப்படும்.

மொமென்டம் 3 ஆய்வின் ஐந்தாண்டு முடிவில் ஹார்ட்மேட் 3 பெற்றவர்களில் 58.4 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். ரீமேட்ச் ஆய்வில் ஓராண்டு முடிவில் 52 விழுக்காட்டினரே உயிருடன் இருந்தனர். பம்பின் வடிவமைப்பு மேம்பட்டதும், சிக்கலை உரிய காலத்தில் கண்டறியும் முறைகள் வளர்ந்ததும் சேர்ந்தே இந்த வேறுபாட்டுக்குக் காரணமாயின. எனினும் ஒவ்வொரு புதிய பம்பும் முந்தையதில் இல்லாத ஒரு சிக்கலுடன் வந்துள்ளது. அதனால் இந்நோயாளிகளைக் கண்காணிக்கும் முறைகளும் கருவிக்குக் கருவி திருத்தி எழுதப்பட்டு வருகின்றன.